800 டாலருக்குப் போன ஆப்பிள் பங்கு, 50,000 டாலருக்குப் போன டாஸ்: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய கதைகள்



ரொனால்ட் வெய்ன் பத்தின ரீல் ஒண்ணு வருஷத்துக்கு நாலு தடவையாவது நம்ம வாட்ஸ்அப் குரூப்ல சுத்தும். "ஆப்பிள் கம்பெனியோட 10% பங்கை வெறும் 800 டாலருக்கு விட்டவர்"னு ஒரு தலைப்பு, பின்னாடி ஒரு சோக மியூசிக், கடைசியில "ரிஸ்க் எடுக்காதவன் வாழ்க்கையில ஜெயிக்கவே முடியாது"ன்னு ஒரு வரி. அதைப் பார்த்துட்டு, இருக்கிற வேலையை விட்டுடலாமா, பர்சனல் லோன் எடுத்து ஷேர்ல போடலாமான்னு யோசிக்கிறவங்க நம்மள்ல நிறைய பேர்.

அந்த ரீல்ல வர்ற எண்கள் உண்மைதான். ஆனா அதுல இருந்து எடுக்கிற பாடம் எனக்குச் சரியாப் படல. 1975-லேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் அமெரிக்காவுல பர்சனல் கம்ப்யூட்டர் தொழில் வளர்ந்த கதையைக் கொஞ்சம் நிதானமாப் பார்த்தா, "வாய்ப்பை விட்டவங்க" யாரும் முட்டாள்கள் இல்லன்னு புரியும். வரப்போற காலத்தைக் கணிச்சவங்கதான் ஜெயிச்சாங்கன்னும் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒரு பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சு, அதுல எதைக் கையில வச்சுக்கிட்டாங்க, எதை விட்டுக்கொடுத்தாங்க, நஷ்டம் வந்தா யார் தலையில விழும் — இந்த மூணுதான் முடிவு பண்ணியிருக்கு.

ஆஃபர் லெட்டர், இஎஸ்ஓபி, ஜாமீன் கையெழுத்துன்னு நாமளும் பேப்பர்ல கையெழுத்து போட்டுக்கிட்டேதான் இருக்கோம். அதனால இந்தக் கதை நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

1. ஐபிஎம்முக்கு அவசரம், டிஜிட்டல் ரிசர்ச்சுக்குத் தயக்கம்

1980-ல ஐபிஎம்தான் கம்ப்யூட்டர் உலகத்தோட ராஜா. ஆனா அவங்க வித்தது எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கான பெரிய மெஷின்கள். வீட்டிலேயும் சின்ன ஆபீஸ்லேயும் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் மார்க்கெட்டை ஆப்பிள், டேண்டி, கமடோர் மாதிரி கம்பெனிகள் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதனால ஃப்ளோரிடா மாநிலத்துல போகா ராட்டன்ங்கிற ஊர்ல ஒரு சின்ன டீமை உட்கார வச்சு, "ஒரே வருஷத்துல ஒரு பர்சனல் கம்ப்யூட்டர் ரெடி பண்ணுங்க"ன்னு ஐபிஎம் சொல்லிடுச்சு.

ஒரு வருஷத்துல எல்லாத்தையும் சொந்தமா செய்ய முடியாது. அதனால சிப் இன்டெல்கிட்ட இருந்து, சாஃப்ட்வேர் வேற ஆள்கிட்ட இருந்துன்னு வெளியில வாங்கிச் சேர்க்க முடிவு பண்ணாங்க.

அந்தக் காலத்துல சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்னா அது சிபி/எம். அதை எழுதினவர் கேரி கில்டால். கலிஃபோர்னியாவுல பசிஃபிக் குரோவ்ங்கிற ஊர்ல டிஜிட்டல் ரிசர்ச்னு கம்பெனி வச்சிருந்தார். ஐபிஎம் ஆட்கள் முதல்ல மைக்ரோசாஃப்ட்கிட்டதான் போனாங்க. ஆனா மைக்ரோசாஃப்ட் அப்ப பேசிக் மாதிரி புரோகிராமிங் மொழிகள்தான் வித்துக்கிட்டு இருந்தது. "ஆபரேட்டிங் சிஸ்டம் வேணும்னா கில்டாலைப் பாருங்க"ன்னு பில் கேட்ஸே அனுப்பி வச்சார்.

ஐபிஎம் ஆட்கள் வந்த அன்னிக்கு கில்டால் தன் சொந்த விமானத்துல ஒரு கஸ்டமரைப் பார்க்கப் போயிருந்தார். "ஐபிஎம் வாசல்ல நின்னப்ப இவர் ஜாலியா ஃப்ளைட் ஓட்டிக்கிட்டு இருந்தார்"னு கதை கட்டினது இதை வச்சுத்தான். உண்மையில அது வேலை விஷயமான பயணம். கம்பெனியோட வியாபாரப் பேச்சுவார்த்தைகளைப் பார்த்துக்கிட்டது அவரோட மனைவி டோரதி. அவங்க முன்னாடி ஐபிஎம் நீட்டினது ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தம். அதுல ஐபிஎம் சொல்றது எல்லாம் ரகசியம், டிஜிட்டல் ரிசர்ச் சொல்றது எதுவும் ரகசியம் இல்ல. டோரதி கையெழுத்து போடத் தயங்கினாங்க, வக்கீலைக் கேட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் என்ன நடந்ததுங்கறதுல ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி சொல்றாங்க. முடிவு மட்டும் தெரியும்: டீல் முடியல.

இதுல கவனிக்க வேண்டியது, டோரதி பண்ணது தப்பான வேலை இல்ல. ஒரு தலைப்பட்சமான பேப்பரைப் படிக்காம கையெழுத்து போடக் கூடாது. ஏற்கெனவே நல்லா ஓடிக்கிட்டு இருந்த கம்பெனி அது. ஒரு புது கஸ்டமருக்காக அவசரப்பட வேண்டிய தேவை அன்னிக்கு அவங்களுக்கு இல்ல. மைக்ரோசாஃப்ட் நிலைமை வேற. சுமார் 40 பேர் வேலை பார்த்த சின்னக் கம்பெனி. அதே ரகசிய ஒப்பந்தத்தை நீட்டினப்போ உடனே கையெழுத்து போட்டுட்டாங்க.

2. மைக்ரோசாஃப்ட் எதை வாங்கினாங்க, எதை வித்தாங்க

இப்போ ஐபிஎம் திரும்பவும் மைக்ரோசாஃப்ட்கிட்ட வந்துடுச்சு. ஆனா மைக்ரோசாஃப்ட்கிட்ட ஆபரேட்டிங் சிஸ்டமே கிடையாது!

அதே சியாட்டில் பக்கத்துல சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி. இன்டெல்லோட புது 8086 சிப்பை வச்சு போர்டு செஞ்சு வித்துக்கிட்டு இருந்தாங்க. அந்தச் சிப்புக்கு ஏத்த சிபி/எம் வெளிவர லேட்டாகிக்கிட்டே போச்சு. காத்திருந்து பார்த்துட்டு, அங்கே வேலை பார்த்த டிம் பேட்டர்சன்ங்கிற இளைஞர் தானே ஒண்ணு எழுதிட்டார். முதல் பேரு க்யூடாஸ், அப்புறம் 86-டாஸ். டிஜிட்டல் ரிசர்ச் அந்த ஒரு புராடக்டை லேட் பண்ணதுதான், எதிராளி பொறக்கறதுக்கே காரணமா ஆச்சு.

மைக்ரோசாஃப்ட் முதல்ல 25,000 டாலர் கொடுத்து அதுக்கு லைசென்ஸ் வாங்குச்சு. அப்புறம் 1981 ஜூலையில இன்னொரு 50,000 டாலர் கொடுத்து முழு உரிமையையும் வாங்கிட்டாங்க. ஆக மொத்தம் 75,000 டாலர். பின்னாடி இருக்கிற கஸ்டமர் ஐபிஎம்னு சியாட்டில் கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்ல. ரெண்டே வாரத்துல, ஆகஸ்ட் 12-ம் தேதி ஐபிஎம் பிசி அறிமுகம் ஆச்சு.

இப்ப முக்கியமான பாயிண்ட். ஐபிஎம்கூட மைக்ரோசாஃப்ட் போட்ட ஒப்பந்தம் 1980 நவம்பர்ல. டாஸை ஐபிஎம் தன் கம்ப்யூட்டர்ல பயன்படுத்திக்கலாம். ஆனா அது ஐபிஎம்முக்கு மட்டும்தான்னு எழுதல. அதே டாஸை வேற யாருக்கு வேணும்னாலும் விக்கிற உரிமையை மைக்ரோசாஃப்ட் தன் கையிலேயே வச்சுக்கிச்சு.

நம்ம ஊர் பாஷையில சொன்னா, கல்யாண மண்டபத்தை விக்கல, வாடகைக்குத்தான் விட்டாங்க. முதல் வாடகைக்காரர் பெரிய மனுஷர், அவருக்கு ரேட் குறைச்சே கொடுத்தாங்க. ஆனா சாவி தன்கிட்டயே இருக்கிறதால அடுத்த முகூர்த்தத்துக்கு வேற ஆளுக்கு விடலாம்.

ஐபிஎம் ஏன் இதுக்கு ஒத்துக்கிச்சு? அவங்க பார்வையில பணம் மெஷின்ல இருந்துச்சு, சாஃப்ட்வேர்ங்கறது கூடவே போற ஒரு சாமான். ஒரு வருஷ கெடு வேற கழுத்தைப் பிடிச்சுச்சு. 1969-லேர்ந்து அமெரிக்க அரசு ஐபிஎம் மேல நடத்திக்கிட்டு இருந்த ஏகபோக வழக்கும் அப்ப முடியல. எல்லாத்தையும் நாமளே வச்சுக்கணும்னு அடம் பிடிக்கிற மனநிலை அந்தக் கம்பெனிக்கு அப்ப இல்ல.

இதுல ஆச்சரியம், சிப் விஷயத்துல ஐபிஎம் ரொம்ப உஷாரா இருந்தாங்க. "ஒரே ஆளை நம்ப முடியாது, ரெண்டாவது சப்ளையர் வேணும்"னு இன்டெல்கிட்ட கேட்டாங்க. ஏஎம்டி அந்தச் சிப்களைத் தயாரிக்க இன்டெல் ஒப்பந்தம் போட்டது அப்படித்தான். ரெண்டாவது சப்ளையர் இல்லாம ஒரு சிப் கூட வாங்க மாட்டேன்னு சொன்ன அதே கம்பெனி, சாஃப்ட்வேர்ல ஒரே ஆளை நம்பி, சாவியையும் அவர்கிட்டயே விட்டுடுச்சு.

கில்டாலுக்கு என்ன ஆச்சு? டாஸ் தன்னோட சிபி/எம் மாதிரியே இருக்குன்னு அவர் ஐபிஎம்கிட்ட சண்டைக்குப் போனார். சமாதானமா, சிபி/எம்-86-ஐயும் ஐபிஎம் தன் பிசிக்கு விக்க ஒத்துக்கிச்சு. ஆனா விலை? டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். ஆறு மடங்கு! கடையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நீங்க எதை எடுப்பீங்க? அவ்வளவுதான்.

3. ஒரு சின்ன வரி, 9,25,000 டாலர்

சியாட்டில் கம்ப்யூட்டர் ஏமாந்து போச்சுன்னுதான் எல்லாரும் கதையை முடிப்பாங்க. அதுக்கு அப்புறமும் ஒரு கதை இருக்கு.

உரிமையை வித்தப்போ, கம்பெனி முதலாளி ராட் பிராக் ஒப்பந்தத்துல ஒரு விஷயத்தை விடாம வாங்கிக்கிட்டார். தன் கம்பெனி விக்கிற கம்ப்யூட்டர்களோட சேர்த்து டாஸை ராயல்டி கொடுக்காம விக்கலாம்ங்கிற உரிமை. அன்னிக்கு அது ஏதோ ஒரு சலுகை மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். அஞ்சு வருஷத்துல உலகமே டாஸ்ல ஓட ஆரம்பிச்சதும் அந்த வரிக்குத் தனி மதிப்பு வந்துடுச்சு. அந்த உரிமையோட கம்பெனியை விக்க பிராக் முயற்சி பண்ணப்போ மைக்ரோசாஃப்ட் எதிர்த்துச்சு, விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. 1986-ல மைக்ரோசாஃப்ட் 9,25,000 டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு.

முழு உரிமையையும் எழுதிக் கொடுத்ததுக்கு கடைசியா கிடைச்ச 50,000 டாலரோட ஒப்பிட்டா, மிச்சம் வச்ச அந்த ஒரு வரிக்குக் கிடைச்சது 18 மடங்குக்கும் மேல. மைக்ரோசாஃப்ட் சம்பாதிச்சதோட ஒப்பிட்டா இது சில்லறைதான். ஆனா ஒரு சின்னக் கம்பெனி முதலாளிக்கு இது பெரிய பணம்.

4. காப்பி அடிக்க முடிஞ்சது எது, முடியாதது எது

டாஸ் சாவியை மைக்ரோசாஃப்ட் வச்சுக்கிட்டதால என்ன லாபம்? வேற கம்பெனி யாராவது ஐபிஎம் பிசி மாதிரியே கம்ப்யூட்டர் செஞ்சாத்தானே அதை விக்க முடியும்?

செஞ்சாங்க. ஐபிஎம் பிசியில பெரும்பாலான பாகங்கள் கடையில யார் வேணும்னாலும் வாங்கக்கூடியவை. ஐபிஎம்முக்கே சொந்தமானது பயாஸ்னு ஒரு சின்ன புரோகிராம். கம்ப்யூட்டரை ஆன் பண்ணதும் முதல்ல ஓடறது அதுதான். அதோட கோடை ஐபிஎம் ஒரு புத்தகத்துலயே அச்சடிச்சு வித்துச்சு. "காப்பிரைட் இருக்கே, எவன் காப்பி அடிப்பான்"னு ஒரு நம்பிக்கை.

1982-ல டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ்ல இருந்து வெளிய வந்த மூணு பேர் ஹூஸ்டன்ல காம்பேக் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. அவங்க காப்பி அடிக்கல. ஒரு டீம் ஐபிஎம் பயாஸைப் படிச்சு, "இது என்னென்ன வேலை செய்யுது"ன்னு மட்டும் எழுதிக் கொடுத்தாங்க. ஐபிஎம் கோடைக் கண்ணாலயே பார்க்காத இன்னொரு டீம், அந்தக் குறிப்பை வச்சு முதல்ல இருந்து புதுசா எழுதுச்சு. சட்டப்படி இது சுத்தம். 1983-ல, விற்பனை தொடங்கின முதல் வருஷத்துலயே, காம்பேக் 11.1 கோடி டாலருக்கு வித்துச்சு.

காம்பேக் ஜெயிச்சதும் வரிசையா ஆட்கள் வந்தாங்க. ஃபீனிக்ஸ்ங்கிற கம்பெனி இதே மாதிரி ஒரு பயாஸை எழுதி, கேட்டவங்களுக்கெல்லாம் வித்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டர் செய்யறது கிட்டத்தட்ட சாமான் வாங்கிச் சேர்க்கிற வேலை ஆயிடுச்சு. போட்டி கூடக் கூட மெஷின் விலை இறங்கிக்கிட்டே வந்தது. ஆனா ஒவ்வொரு மெஷினுக்கும் ரெண்டு சாமான் கட்டாயம் வேணும்: இன்டெல் வழியில வந்த சிப், மைக்ரோசாஃப்ட் டாஸ். ஐபிஎம் வித்தாலும் காம்பேக் வித்தாலும் இந்த ரெண்டு பேருக்கும் காசு.

1987-ல ஐபிஎம் பிஎஸ்/2-னு புது வரிசையைக் கொண்டு வந்து, அதோட உள்ளமைப்பை மத்தவங்க பயன்படுத்தணும்னா லைசென்ஸ் கட்டணம் கட்டணும்னு சொல்லுச்சு. போட்டிக் கம்பெனிகள் ஒண்ணு சேர்ந்து தங்களுக்குன்னு வேற ஒரு அமைப்பை உருவாக்கிட்டாங்க. கடைசியில 2005-ல ஐபிஎம் தன் பிசி தொழிலையே சீனாவோட லெனோவோவுக்கு வித்துட்டு வெளிய வந்துடுச்சு.

இன்னொரு தகவல். 1982 கடைசியில ஐபிஎம் 25 கோடி டாலர் போட்டு இன்டெல்லோட 12% பங்கை வாங்கி, அப்புறம் இன்னும் கூட்டினாங்க. ஆனா 1987-க்குள்ள அதை வித்துட்டாங்க. பணம் எங்கே போய்ச் சேரப் போகுதோ அந்தக் கம்பெனியோட பங்கு கையிலேயே இருந்துச்சு! வாங்கறதை விட வச்சிருக்கறது எவ்வளவு கஷ்டம்னு பாருங்க.

5. சரி, ரொனால்ட் வெய்ன் முட்டாளா?

இப்ப ரீல் கதைக்கு வருவோம்.

1976 ஏப்ரல் 1. ஸ்டீவ் ஜாப்ஸ் 45%, ஸ்டீவ் வோஸ்னியாக் 45%, ரொனால்ட் வெய்ன் 10%னு ஒப்பந்தம் எழுதி ஆப்பிளை ஆரம்பிச்சாங்க. 12 நாள் கழிச்சு வெய்ன் விலகிட்டார். கிடைச்சது 800 டாலர். பின்னாடி எந்த உரிமையும் கோர மாட்டேன்னு எழுதிக் கொடுத்ததுக்கு இன்னொரு 1,500 டாலர்.

ரீல்ல சொல்லாத விஷயம் இது: அன்னிக்கு ஆப்பிள் ஒரு பிரைவேட் லிமிடெட் மாதிரி கம்பெனி இல்ல. சாதாரண பார்ட்னர்ஷிப். லாபத்துல உனக்கு 10%தான். ஆனா கடன் கட்ட முடியலைன்னா, கடன் கொடுத்தவர் உன் வீட்டு வாசலுக்கு வந்து முழுத் தொகையையும் கேட்கலாம்.

அந்தச் சமயத்துல பைட் ஷாப்ங்கிற கடை 50 கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுத்துச்சு, ஒண்ணு 500 டாலர். அதைச் செய்ய ஜாப்ஸ் கடனுக்கு பாகங்கள் வாங்கினார். அந்தக் கடை பணம் தராம இழுத்தடிச்சா? ஜாப்ஸுக்கு 21 வயசு, வோஸ்னியாக்குக்கு 25. ரெண்டு பேர்கிட்டயும் பறிமுதல் பண்ண ஒண்ணும் இல்ல. வெய்னுக்கு 41 வயசு, சொத்து இருந்தது. அதுக்கு முன்னாடியே ஒரு ஸ்லாட் மெஷின் தொழில் பண்ணி நஷ்டப்பட்டு, கடனைத் தன் கைக்காசுல அடைச்ச அனுபவம் வேற. மூணு பேர் ஏறின வண்டியில சூடு பட்டவர் அவர் ஒருத்தர்தான்.

இப்ப இன்னொருத்தரைப் பாருங்க. மைக் மார்க்குலா. ஃபேர்சைல்ட், இன்டெல் கம்பெனிகள்ல சம்பள வேலை பார்த்து, அங்கே கிடைச்ச ஸ்டாக் ஆப்ஷன்ல பணம் சேர்த்து, 32 வயசுலயே ரிட்டயர் ஆனவர். வெய்ன் விலகின சில மாசத்துல இவர் ஆப்பிளுக்கு வந்தார். கடனும் முதலீடும் சேர்த்து 2,50,000 டாலர் தர ஒத்துக்கிட்டார். 1977 ஜனவரி 3-ம் தேதி ஆப்பிள் முறைப்படி கம்பெனியா பதிவாச்சு. ஜாப்ஸ், வோஸ்னியாக்குக்குச் சமமா இவரும் பங்குதாரர்.

அதே ஆப்பிள்தான். ஆனா மார்க்குலாவோட நிலைமையே வேற. அவர் போட்ட தொகை போனாலும் குடும்பம் தெருவுக்கு வராது. கம்பெனியா பதிவானதால நஷ்டத்துக்கும் ஒரு எல்லை இருந்துச்சு. வெய்ன் எடுக்க வேண்டியிருந்தது எல்லையே இல்லாத ரிஸ்க், மார்க்குலா எடுத்தது எல்லை கட்டின ரிஸ்க். "ரிஸ்க் எடு, ரிஸ்க் எடு"ன்னு சொல்ற ரீல் இந்த வித்தியாசத்தைச் சொல்றதே இல்ல.

6. "இன்னிக்கு இருந்திருந்தா..." கணக்கு ஏன் தப்பு

ஆப்பிளோட இன்னிக்கு மார்க்கெட் மதிப்பை எடுத்து 10%-ஆல பெருக்கி "வெய்ன் இழந்தது இவ்வளவு"ன்னு போடறாங்க. ரெண்டு காரணத்தால அந்தக் கணக்கு நிக்காது.

முதலாவது, டைல்யூஷன். புது முதலீட்டாளர் உள்ளே வரும்போது பழையவங்க சதவீதம் குறையும். மார்க்குலா சம பங்குதாரரா வந்ததும் 45% வச்சிருந்த ஜாப்ஸோட பங்கே மூணுல ஒண்ணுக்கு மேல இருக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. அப்புறம் மத்த முதலீட்டாளர்கள், ஊழியர்களுக்கான பங்கு, 1980 டிசம்பர் 12-ல ஐபிஓ. 10% பத்தாவே இருந்திருக்க வாய்ப்பே இல்ல.

ரெண்டாவது, வச்சிருக்கணும்! 1985-ல ஆப்பிளை விட்டு வெளிய வந்த ஜாப்ஸ், ஒரே ஒரு பங்கை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சம் எல்லாத்தையும் வித்துட்டார். கம்பெனியை ஆரம்பிச்சவரே வச்சிருக்கல. 1997-ல ஆப்பிள் திவாலாகிற நிலைமைக்கு வந்து, மைக்ரோசாஃப்ட்டே 15 கோடி டாலர் முதலீடு பண்ண வேண்டியதாச்சு. அந்த வருஷம் உங்க கையில ஆப்பிள் பங்கு இருந்திருந்தா விக்காம இருந்திருப்பீங்களா? நேர்மையா யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு நேர் எதிர்க் கதையும் ஒண்ணு உண்டு. மைக்ரோசாஃப்ட்டை கேட்ஸோட சேர்ந்து ஆரம்பிச்ச பால் ஆலன், உடம்பு சரியில்லாம 1983-ல கம்பெனியை விட்டு விலகினார். அவரோட பங்கை ஒண்ணு 5 டாலர்னு வாங்கிக்கறேன்னு கேட்ஸ் கேட்டார். ஆலன் 10 டாலருக்குக் குறைஞ்சு தர மாட்டேன்னார். கேட்ஸ் முடியாதுன்னுட்டார். பேரம் படியாததால பங்கு ஆலன்கிட்டயே தங்கிடுச்சு. 1986-ல ஐபிஓ வந்துச்சு, அப்புறம் அவர் உலகத்தோட பெரும் பணக்காரர்கள்ல ஒருத்தர். கேட்ஸ் "சரி, 10 டாலர்"னு சொல்லியிருந்தா ஆலனுக்கும் ஒரு சோக ரீல் இருந்திருக்கும். இதுல அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டுங்கறதை ஒத்துக்கணும்.

7. சம்பளக்காரங்க கதை: வோஸ்னியாக்கும் கோட்கியும்

ஆப்பிள் ஆரம்பிச்சப்போ வோஸ்னியாக் நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரர்தான். ஹெச்பி-ல இன்ஜினியர். வேலையில இருக்கும்போது கண்டுபிடிக்கிறதுல கம்பெனிக்கு உரிமை இருக்குன்னு அவருக்குத் தெரியும். அதனால தன் டிசைனை முதல்ல ஹெச்பி-கிட்டயே காட்டினார். அவங்க வேண்டாம்னாங்க. அஞ்சு தடவை வேண்டாம்னு சொன்னதா அவரே சொல்லியிருக்கார். "எங்களுக்கு இதுல உரிமை வேண்டாம்"ங்கறதை ஹெச்பி-கிட்ட இருந்து முறைப்படி வாங்கின பிறகுதான் நிம்மதியானார்.

ஹெச்பி விட்ட வாய்ப்பு பெருசு. ஆனா நமக்குப் பாடம் வோஸ்னியாக் பக்கம் இருக்கு. அந்த அனுமதியை வாங்காம விட்டிருந்தா, ஆப்பிள் பெருசானதும் முதல் வக்கீல் நோட்டீஸ் ஹெச்பி-ல இருந்து வந்திருக்கலாம்.

அடுத்து டேனியல் கோட்கி. ஜாப்ஸோட காலேஜ் நண்பர், ஆப்பிளோட ஆரம்ப கால ஊழியர்கள்ல ஒருத்தர். ஆனா அவர் மணிக்கூலி கணக்குல இருந்ததால ஸ்டாக் ஆப்ஷன் கிடைக்கல. நண்பர்ங்கறதுக்காக ஜாப்ஸும் தரல. இவரை மாதிரி விடுபட்டவங்களுக்கு வோஸ்னியாக்தான் தன் சொந்தப் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஐபிஓ-வுக்கு முன்னாடி ஊழியர்கள் பலருக்குக் குறைஞ்ச விலைக்கும் வித்தார். பெரிய மனசு. ஆனா எல்லா ஸ்டார்ட்அப்லயும் ஒரு வோஸ்னியாக் இருக்க மாட்டார். "நாம ஃபேமிலி மாதிரி, பின்னாடி பார்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா கோட்கியை நினைச்சுக்கோங்க.

8. நம்ம பேப்பர்ல பார்க்க வேண்டியது

கதை போதும், இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம்.

ஆஃபர் லெட்டர்: வேலை நேரத்துக்கு வெளிய நீங்க செய்யற ஆப், யூடியூப் சேனல், கோடு இதெல்லாம் யாருக்குச் சொந்தம்னு ஒரு பிரிவு இருக்கும். படிங்க. சந்தேகம் இருந்தா ஹெச்ஆர்கிட்ட மெயில்லயே கேளுங்க, பதிலை மெயில்லயே வாங்குங்க. வாய்வார்த்தை பத்தாது.

இஎஸ்ஓபி: "10 லட்சம் மதிப்புள்ள இஎஸ்ஓபி"ன்னு சொன்னா உடனே சிடிசியில கூட்டாதீங்க. அஞ்சு கேள்வி கேளுங்க. மொத்தப் பங்குல இது எத்தனை சதவீதம்? வெஸ்டிங் எத்தனை வருஷம்? என்ன விலைக்கு வாங்கணும்? வேலையை விட்டா எத்தனை நாளுக்குள்ள வாங்கணும்? வாங்கினதை எங்கே விக்கலாம்? நம்ம நாட்டுல ஆப்ஷனைப் பங்கா மாத்தும்போதே அதுல வர்ற லாபம் சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு வரும், விக்கும்போது தனியா மூலதன ஆதாய வரி. பங்கை விக்கவே முடியாத கம்பெனியில, கையில காசு வராமலே வரி கட்ட வேண்டி வரலாம். தகுதியுள்ள சில ஸ்டார்ட்அப்களுக்கு அந்த வரியைத் தள்ளிக் கட்டற வசதி உண்டு. உங்க கம்பெனி அதுல வருதான்னு கேளுங்க.

ஃப்ரீலான்ஸ் வேலை: ஒரு டிசைன், ஒரு கோர்ஸ், ஒரு சின்ன சாஃப்ட்வேர் செஞ்சு கொடுக்கறீங்க. முழு உரிமையும் எழுதிக் கொடுக்கறீங்களா, பயன்படுத்தற உரிமை மட்டுமா? ரெண்டுக்கும் ரேட் வேற. முழுசா கேட்டா, "நானும் இதை என் மத்த வேலைகள்ல பயன்படுத்திக்கலாம்"னு ஒரு வரியாவது கேட்டுப் பாருங்க. கிடைக்காமப் போகலாம். ஆனா கேட்காம கிடைக்காது.

நண்பர்களோட தொழில்: பார்ட்னர்ஷிப்னா கம்பெனி கடனுக்கு உங்க சொந்தச் சொத்தும் பொறுப்பு. எல்எல்பி, பிரைவேட் லிமிடெட் மாதிரி அமைப்புல பொதுவா அந்தப் பொறுப்புக்கு ஒரு எல்லை உண்டு. ஆரம்பிக்கும்போதே ஒரு ஆடிட்டரைப் பார்த்துக் கேட்டுடுங்க.

ஜாமீன் கையெழுத்து: "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிடா மச்சான்"னு கேட்பாங்க. நம்ம சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கினவருக்கு இருக்கிற அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. லாபத்துல பங்கு பூஜ்யம், நஷ்டத்துல பங்கு முழுசு. வெய்னுக்காவது லாபத்துல 10% இருந்துச்சு.

ரிஸ்க் எடுக்கிற அளவு: எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ் இந்த மூணையும் முடிச்சுட்டு, போனாலும் தூக்கம் கெடாத தொகையை வச்சு ரிஸ்க் எடுங்க. மார்க்குலா பண்ணது அதுதான். சம்பளத்துல சேர்த்தார், பாதுகாப்பைக் கட்டினார், அப்புறம் எல்லை வச்சு இறங்கினார். கடன் வாங்கி இறங்கறது வெய்ன் எதைப் பார்த்துப் பயந்தாரோ அதேதான்.

அப்படியும் ஏதாவது ஒரு வாய்ப்பு கை நழுவிப் போகும். நீங்க வித்த ஷேர் ரெண்டு மடங்காகும், நீங்க வேண்டாம்னு சொன்ன ஸ்டார்ட்அப் யூனிகார்ன் ஆகும். அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்தை வச்சு, உங்க குடும்ப நிலைமையைப் பார்த்து எடுத்த முடிவுன்னா அதுக்காக வருத்தப்பட வேண்டியதில்ல. படிக்காம போட்ட கையெழுத்துக்குத்தான் வருத்தப்படணும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஆஃபர் லெட்டரை மெயில்ல தேடி எடுத்து, முதல் பக்கத்துல இருக்கிற சம்பளத்தைத் தாண்டி மிச்சப் பக்கங்களையும் ஒரு தடவை படிங்க. அதுல புரியாத பிரிவு ஏதாவது இருந்தா, கம்பெனி பேரை எடுத்துட்டு கமெண்ட்ல போடுங்க. அடிக்கடி வர்ற கேள்விகளைத் தொகுத்து ஒரு வீடியோ பண்ணிடலாம். ஜாமீன் கையெழுத்து கேட்டுக்கிட்டு இருக்கிற நண்பர் யாராவது இருந்தா, இந்தப் பதிவை அவருக்கும் ஒரு தடவை ஃபார்வர்ட் பண்ணிடுங்க!

குறிப்பு: இது தெரிஞ்சுக்கறதுக்காக எழுதின பதிவு, தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனையோ சட்ட ஆலோசனையோ இல்ல. வரி விதிகள் மாறும், முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டரைக் கேளுங்க.